வேண்டாம் என்றவரே வளர்ப்பார்: ஒரு குடும்பவியல் ஆய்வு

நாய்க்குட்டி கேட்பவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். நடுத்தரக் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் இந்த உண்மையை முனைவர் பட்டத்துக்கு யாரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கு. பிள்ளை அடம்பிடிக்கத் தொடங்குவது ஐந்தாம், ஆறாம் வகுப்பில். வயது 10 அல்லது 11. லாப்ரடாரின் ஆயுள் 10 முதல் 12 ஆண்டு. பிள்ளையோ 17, 18 வயதில் பெட்டியோடு விடுதிக்குக் கிளம்பிவிடும். ஆக, நாயின் வாழ்நாளில் கணிசமான பகுதி, அதைக் கேட்டவர் இல்லாமலேயே கழிகிறது. அடம்பிடிக்கும் நேரத்தில் இந்தக் கழித்தல் கணக்கு எந்தப் பெற்றோருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மனு தாக்கலாகும்போது, "நானே குளிப்பாட்டுவேன், நானே வாக்கிங் கூட்டிட்டுப் போவேன்" என்ற வாக்குறுதிகளும் இணைக்கப்படும். இவை தேர்தல் அறிக்கை வகையைச் சேர்ந்தவை. அம்மா ஆஸ்துமாவைக் காரணம் காட்டுவார். 2015இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று, முதல் வயதில் நாயோடு வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு குறைவு என்றது. மனுதாரருக்கு வயது பத்தாகிவிட்டதால் இந்தச் சான்று செல்லாது.

அப்பாவின் எதிர்ப்பே கடுமையானது: "வீட்டுக்குள்ள ஒரு முடி விழுந்தாலும் வெளியே விட்டுடுவேன்!" இந்த உறுதி மூன்று வாரம் தாங்கினால் அதிகம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. புருவத்தின் உள்முனையை உயர்த்தும் தசை நாய்க்கு நன்கு அமைந்திருக்கிறது, ஓநாய்க்கு அப்படி இல்லை என்று 2019இல் உடற்கூறாய்வாளர்கள் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் சுரக்கும் ஆக்சிடோசின், நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கையில் இருவருக்கும் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். இத்தனை ஆயுதங்களோடு வரும் குட்டியின் எதிரே, செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் என்ன செய்வார்?

அடுத்து உறவுமுறை. "அண்ணன் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டான் பாரு" என்று அம்மா நாயிடம் சொல்லும் அந்தக் கணத்தில், வீட்டின் கடைக்குட்டிக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. அதுவரை எல்லோரும் அதட்டிய பிள்ளை, தனக்கும் கீழே ஒருவன் இருப்பதைக் கண்டுகொள்கிறது. தட்டிலிருந்து சாக்லேட்டை ஊட்டப்போய், அது நாய்க்கு நஞ்சு என்று திட்டு வாங்கி, பொறுப்பு என்பதை முதன்முதலாகக் கற்கிறது. வாக்குறுதிகள் காற்றோடு போனாலும் இந்தப் பாடம் தங்கிவிடுகிறது. ஆய்வாளர் பகடியை ஒதுக்கிவைத்து ஒப்புக்கொள்ளும் பயன் இது ஒன்றே.

விடலைப் பருவமும் ஆராயத்தக்கது. 2020இல் பிரிட்டனில் வெளியான ஆய்வின்படி, எட்டு மாத நாய்கள் வளர்ப்பவர் "உட்கார்" என்றால் கேட்கத் தயங்கின. அந்நியர் சொன்னால் உட்கார்ந்தன. வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருந்துவிட்டால், அம்மாவின் குரலுக்கு அசையாதவர்கள் இருவராகிறார்கள்.

பிள்ளை விடுதிக்குப் போனபின் மழையானாலும் காலை ஐந்தரைக்குச் சங்கிலியோடு தெருவில் நடப்பவர், அந்தப் பழைய எதிர்க்கட்சித் தலைவரே. வீடியோ அழைப்பில் பிள்ளை முதலில் விசாரிப்பது நாயைத்தான். அப்பா முகம் சுளிக்காமல் கேமராவைக் கீழே திருப்புகிறார். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வேண்டும். அதையும் வாங்கி, ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசிக்கு அழைத்துப் போகிறவரும் அவர்தான்.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: நாய்க்குட்டி கேட்டு அடுத்த மனு வரும்போது, பிள்ளையிடம் வாக்குறுதி வாங்குவதை விட்டுவிட்டு, பலமாக எதிர்ப்பவரிடம் முதலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.