தானே

இன்று காலை ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே மனைவி சொன்னாள்: "கேஸ் வரும். வீட்லதானே இருக்கீங்க?" அவளுக்கு ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பின்னாலேயே மகன், ஷூ லேஸைக் கட்டியபடி: "அப்பா, ஏசி மெக்கானிக் வருவான். வீட்லதானே இருக்கீங்க?" மருமகள் மரியாதை தெரிந்தவள், கேட்கக்கூட இல்லை. "நீங்க வீட்லதானே இருப்பீங்கன்னு கொரியரை இன்னிக்கே அனுப்பச் சொல்லிட்டேன் மாமா" என்றாள். யு.கே.ஜி. படிக்கும் பேரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் இட்லி இருந்தது.

போன மாதம் குடும்பத்தோடு குற்றாலம் போய்வந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இந்தத் 'தானே' தொண்டையில் சிக்கிக்கொண்டது. இதை முடித்துவிட்டு அருவிக்கு வருகிறேன்.

'தான்' போகட்டும். அதன் வாலில் தொங்குகிறதே ஓர் ஏகாரம், வினை அங்கேதான். ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருளோடு நிறுத்திக்கொண்டார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கினார். அரசுப் பள்ளியில் தமிழ் நடத்திய காலமெல்லாம் அந்த ஆறையும் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவன் நான். ஆறும் ஒரே ஆள் தலையில் வந்து இறங்கும் என்று அப்போது தெரியாது.

பிரிநிலை: கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. வீட்டில் ஐந்து பேர். நான்கு பேருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. வினா: கேட்கிறார்கள், ஆனால் பதிலுக்கு நிற்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிடும். தேற்றம்: உறுதி. போன வாரம் துணிந்து, "இல்லை, லைப்ரரிக்குப் போறேன்" என்றேன். "போங்களேன், யார் வேணாம்னது? கேஸ் வந்ததும் போங்க" என்றாள். பவணந்தியார்கூட இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை.

எண்: பொருள்களை எண்ணி அடுக்கும்போது வருவது. கேஸே, கொரியரே, ஏசிக்காரனே, பத்து மணிக்கு ஊறப்போட வேண்டிய உளுந்தே, மாடியில் காயும் துணியே, பன்னிரண்டரைக்கு வேனில் வந்து இறங்கும் பேரனே. வகுப்பில் ஐம்பூதங்களை உதாரணம் காட்டி மெனக்கெட்டேன். இதைச் சொல்லியிருந்தால் ஒரு பயலும் மறந்திருக்க மாட்டான்.

இசைநிறை: செய்யுளில் ஓசை குறையும்போது இட்டு நிரப்புவது. ஆளில்லாத வீட்டில் டிவியை ஓடவிட்டுப் போனால் திருடன் வரமாட்டான் என்பார்கள். இப்போது கரண்ட் மிச்சம்.

ஆறாவது, ஈற்றசை. தனக்கென்று பொருள் ஏதுமில்லாமல் கடைசியில் வந்து நிற்பது. இதற்கு நான் உதாரணம் தருவதாக இல்லை.

பணி நிறைவு விழாவில் சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து, "இனிக் குடும்பத்தோடு ஆனந்தமாய்ப் பொழுதைக் கழியுங்கள் ஐயா" என்று தலைமையாசிரியர் வாழ்த்தினார். எந்தக் குடும்பத்தோடு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். காலை எட்டுக்குக் காலியாகிற வீடு இரவு எட்டுக்குத்தான் நிரம்புகிறது. இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தையும் அந்தக் கடிகாரம்தான் என்னோடு சேர்ந்து கழிக்கிறது. 58 வயதில் வெளியே வந்திருக்க வேண்டியவன். 2020-இல் அரசாங்கம் அதை 59 ஆக்கியது, 2021-இல் 60. இன்னும் இரண்டு வருஷமா என்று அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கேட்கும்படி அலுத்துக்கொண்டவன் நான். அந்த அரசாணையை பிரேம் போட்டு மாட்டியிருக்கலாம்.

பன்னிரண்டரைக்குப் பேரன் வந்தான். பையைத் தூக்கிச் சோபாவில் எறிந்தான். காலையில் தொலைத்த பென்சில் ஞாபகம் வந்துவிட்டது. "தாத்தா, நீ வீட்லதானே இருந்தே, தேடி வைக்கலையா?"

மணி இப்போது ஒன்றரை. கேஸ் வரவில்லை. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பரவாயில்லப்பா, நாளைக்கும் நீங்க..." என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. நான் கரையில் நின்று மூன்று செல்போனையும் நான்கு துண்டையும் பார்த்துக்கொண்டேன்.