சார், நீங்க மியூட்ல இருக்கீங்க

2020 ஏப்ரல் 8 அன்று சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுசாக இணையத்துக்குக் குடிபோயின. பால் காய்ச்சுவதற்குள் ஒரு புவியியல் வகுப்பில் ஜூம் வழியாக யாரோ புகுந்து ஆபாசப் படம் காட்ட, கல்வி அமைச்சு ஜூமையே நிறுத்திவைத்தது. சில நாளில் பூட்டுத் தாழ்ப்பாளோடு அது திரும்பி வந்தது.

பிறகு கருவிகள் வரிசைகட்டின. அமைச்சின் மாணவர் கற்றல் தளம் 2018 முதலே உண்டு. போதாதென்று விடை சொல்லக் கஹூட், கருத்து ஒட்டப் பேட்லெட், சேர்ந்து கிறுக்க ஜாம்போர்டு. தேக்காவில் நகைக்கடை மாடியில் டியூஷன் எடுக்கும் தமிழாசிரியரும் தப்பவில்லை. இலவச ஜூம் 40 நிமிடத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும், அதில் பாதி, “கேக்குதா? ஸ்க்ரீன் தெரியுதா?” என்பதிலேயே கரைந்துவிடும். ‘குன்றின் மேலிட்ட விளக்கு போல’ என்பதை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால், பேட்லெட்டில் பெயரில்லாத மாணவர் ஒருவர் பிரியாணிப் படத்தை ஒட்டுவார். மொத்த வகுப்பும் அதற்கு ஹார்ட்டின் போடும். ‘மாணவர்கள் குழுவாகப் பங்கேற்றனர்’ என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம், பொய்யில்லை.

இத்தனையிலும் ஆசிரியருக்கு ஒருவழியாகக் கைவந்தது ஜாம்போர்டுதான். கூகுள் அதை 2024 டிசம்பர் 31உடன் மூடிவிட்டது. மாட்டிவைத்த கரும்பலகை இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. (கூகுள் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியது, அதை யார் படித்தார்கள்?) இப்போது வேறொரு பலகைக்குப் பயிற்சிப் பட்டறையாம். சனிக்கிழமை காலை, ஜூமில். கேமராவை ஆன் செய்தே ஆகவேண்டுமாம்.