கால் ஓய்ந்தாலும் லைனிங் ஓயாது

கேள்வி: புது லாரியில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பிரேக்கில் காலே படுவதில்லை. பிறகு ஏன் லைனிங் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது?

பதில்: ஓய்வு உங்கள் காலுக்குத்தான், லைனிங்குக்கு இல்லை! முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும் வகை என்றால், தேவைப்படும்போது அதுவே சக்கர பிரேக்கைப் பிடிக்கும். இடைவெளியைக் கூட்டி வையுங்கள், நெரிசலில் அணைத்துவிடுங்கள். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் அதை நம்பவே வேண்டாம். உச்சியிலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்குங்கள். பாரத்தை இன்ஜின் பிடிக்கட்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறார்களே, நினைத்தாலே வயிறு கலங்குகிறது. லைனிங் சூடேறினால் பிடிப்பே போய்விடும். டீசலும் மிச்சமாகாது: ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின் டீசல் குடிப்பதில்லை; நியூட்ரலில்தான் குடிக்கிறது.