இரண்டு உதட்டுக்காரி

எங்கள் ஊரில் பொய் சொல்வது கொஞ்சம் சிரமம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி உள்ளே திரும்பினால் திருவாமாத்தூர். அங்கே அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. வரப்புத் தகராறோ, கைமாற்றுத் தகராறோ, பேச்சு முற்றினால் "வா, வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணு" என்பதில்தான் போய் நிற்கும். பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு விடாமல் துரத்திப் போய்க் கொத்தியதை ஆயா நேரில் பார்த்தவள் மாதிரி சொல்வாள்.

அந்தப் பாறையில் நானும் ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். 1987. எட்டாம் வகுப்பு. என் பாயின் அடியிலிருந்து நான்கு பாக்கெட் நாவல்களை ஆயா உருவி எடுத்துவிட்டாள். நான்கின் அட்டையிலும் நான்கு பெண்கள். இரண்டு பேருக்கு உயிர் இல்லை, ஒருத்திக்குக் கால் இல்லை. நாலாவது ஆளுக்கு எல்லாம் இருந்தது, அதுதான் ஆயாவுக்கு அதிகக் கோபம்.

"இந்தக் கண்றாவியெல்லாம் படிக்கிறியா நீ?"

"இல்ல ஆயா, படிக்கல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாறையின் முன்னால் நிறுத்தினாள். தொட்டுச் சொன்னேன்: இந்தக் கதைகளை நான் படிக்கவில்லை. பாம்பு வரவில்லை. ஏன் வரும்? சொன்னது நிஜம். அந்த நாவல்களில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. அட்டையை மட்டும்தான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகங்கள் வந்தது மாமா வழியாக. மாமாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டி துடைக்கிற வேலை. மீட்டர்கேஜ் காலம். பயணிகள் சீட்டில் விட்டுப்போனதையெல்லாம் துடைப்பத்தோடு சேர்த்து வாரி வருவார். குடையும் டிபன் டப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு. நாவல் எனக்கு. எழும்பூரில் வாங்கி விழுப்புரத்துக்குள் முடித்துவிடுகிற அளவுக்குத்தான் அவற்றின் தடிமன். கொலைகாரன் யார் என்று தெரிந்தபின் அதை வீட்டுக்குத் தூக்கிப்போக யாருக்கும் மனசு வராது போலிருக்கிறது. ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன், பேய்க்கதை மன்னர் என்றே பெயர் வாங்கியிருந்த பி.டி.சாமியின் பழைய புத்தகங்கள் என்று தகரப் பெட்டி நிரம்பியது.

உள்ளே பழுப்புக் காகிதம், நசுங்கிய எழுத்து. வெளியே பளபளப்பு. மேலே இடது பக்கத்தில் ஒரு பெரிய பெண் முகம், அது நம்மைப் பார்க்காது, நமக்குப் பின்னால் நிற்கிற எதையோ பார்க்கும். கீழே சின்னதாக ஒரு பங்களா, எல்லா ஜன்னலும் இருட்டு, ஒன்றில் மட்டும் வெளிச்சம். ஓரத்தில் ஒரு கை, யாருடையது என்று கேட்கக் கூடாது. தலைப்பு எழுத்துகளில் ரத்தம் வழியும். இதில் தமிழுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இங்கிலீஷ்காரன் எழுத்தின் அடிப்பாகத்தை இழுத்து இழுத்து ரத்தம் ஒழுகவிட வேண்டும். நமக்கோ ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் ஒரு சொட்டு தயாராக உட்கார்ந்திருக்கிறது. புள்ளிக்குச் சிவப்பு வைத்தால் வேலை முடிந்தது.

என் பெட்டியின் ராணி, முதல் பக்கம் கிழிந்துபோன ஒரு நாவலின் அட்டையில் இருந்தாள். யார் எழுதியது, யார் வரைந்தது, எதுவும் தெரியாது. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், எல்லாம் வழக்கம்போல. ஆனால் அவளுக்கு இரண்டு உதடுகள். அதாவது இரண்டு ஜோடி. ஒன்று வாயிருக்கிற இடத்தில், வெளிறிப்போய், கறுப்புக் கோட்டில். இன்னொன்று ரத்தச் சிவப்பில், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, கன்னத்தின் மேல் மிதந்தது. செத்தவளின் வாய் ஒன்று, அவளுக்குள் புகுந்ததன் வாய் இன்னொன்று என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இப்படி யோசிக்கிற ஓவியன் உலகத்தில் இருக்கிறானே என்று மலைப்பு. அவளை அம்பது தடவையாவது வரைந்திருப்பேன், இரண்டு உதட்டோடு.

பயமுறுத்தும் படத்தில் எனக்கு ஆரம்பப் பாடம் அம்புலிமாமாதான். சுடுகாட்டு வழியில் விக்கிரமாதித்தன் வாளோடு நடக்க, தோளில் பிணம் கிடக்கும் படம். அதை வரைந்த சங்கர், முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன், ஈரோட்டுப் பக்கம் 1924-ல் பிறந்தவர். கலைமகளில் இருந்துவிட்டு 1950-களின் தொடக்கத்தில், அம்புலிமாமாவை வெளியிட்ட சந்தமாமாவில் சேர்ந்தார், ஏறக்குறைய 60 வருஷம் அங்கேயே வரைந்தார். 2020-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ வந்தது. கதை முடிந்து வேதாளம் முருங்கை மரம் ஏறிய பிறகு வந்த விருது. அவர் படத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும்: கதையில் மண்டையோடு உண்டென்றால் படத்திலும் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பாக்கெட் நாவல் அட்டைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. அடுத்த மாத நாவலின் தலைப்பு இந்த மாத இதழிலேயே விளம்பரமாகிவிடும். மாதாமாதம் கடைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கியாக வேண்டும். அட்டையில் கத்தியோடு நிற்கிறவள் உள்ளே எந்த அத்தியாயத்திலும் வரமாட்டாள் என்று, படித்துவிட்டுத் திருப்பிக்கொடுத்த சிநேகிதர்கள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், நானே வரைந்தவன் மாதிரி.

இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. இரட்டைப்புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடினார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் வராது. கால் வராதவரைக் கண் தெரியாதவர் தோளில் சுமந்தே ஊர் ஊராகப் போனார்கள். (சங்கரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள்தான் ஞாபகம் வருவார்கள், தோளில் இருப்பது விடாமல் பேசும், அவ்வளவுதான்.) பம்பையாற்றுக்கு எந்தப் பக்கம் கோயில் இருக்கிறது என்பதைப் பாட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். அரங்கேற்றத்தில் ஆட்சேபணை எழுந்தது. அன்றிரவு வெள்ளம் வந்து, ஆறு இடம் மாறி, பாட்டில் உள்ளபடி ஓட ஆரம்பித்தது என்பது ஊர்க்கதை. பாட்டைத் திருத்த வேண்டாம், ஆற்றைத் திருத்திக்கொள்ளலாம். இந்த ஊரில் பிறந்தவனிடம் அட்டைப்படம் கதையோடு பொருந்தவில்லை என்று வந்து புகார் சொன்னால் என்ன பதில் கிடைக்கும்?

பத்தாவது முடித்ததும் விழுப்புரத்தில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். எனாமல் டப்பா திறப்பது, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. ராத்திரியில் போஸ்டர் கலரில் அட்டைப்படம். ஆறு படங்களை டியூபில் சுருட்டி, சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. ஒரே வரி. எல்லாப் பெண்களுக்கும் ஏன் இரண்டு வாய் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

பதில் எனக்கே நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலைக்குப் போயிருந்தேன். கலர் படம் நான்கு தகடுகளாக ஏறும்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. நான்கும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். ஒருநாள் கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தபோது மெஷின்மேன் அண்ணன் கெட்ட வார்த்தை சொல்லி மெஷினை நிறுத்தினார். தாளை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் மகாலட்சுமி. உதடு கன்னத்தில் இருந்தது.

"இன்னாண்ணே இது?"

"ரெஜிஸ்டர் விலகிடுச்சுடா. செவப்பு ஒரு நூல் தள்ளி வுழுது."

அப்படியானால் என் ராணி? அவளை வரைந்தவன் அப்படியெல்லாம் யோசித்தவனே இல்லை. எங்கோ ஒரு அச்சகத்தில், தூக்கக் கலக்கத்தில், யாரோ கவனிக்காமல் விட்ட சிவப்புத் தகடு. நான் குருவாக வரித்துக்கொண்டது ஒரு மெஷினின் தப்பை. கெட்டுப்போன மகாலட்சுமிகளைக் கட்டி வெளியே போட்டார்கள். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானதில் ஊரெங்கும் பெயர்ப்பலகை மாற்றி எழுதுகிற வேலை கிடைத்தது. போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் பொற்காலம் அதுதான், அதுவே கடைசிக் காலமும். சன் டிவியில் மர்மதேசம் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் பேய்கள் அட்டையிலிருந்து இறங்கி நடமாட ஆரம்பித்தன. ஆயாவே உட்கார்ந்து பார்த்தாள், அது பொஸ்தகமில்லையே. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஃபிளெக்ஸ் வந்தது. நானும் எனாமல் டப்பாவை மூடிவிட்டு போட்டோஷாப் கற்றுக்கொண்டேன். நாவல் அட்டைகளும் அதே வழியில் போயின: எங்கிருந்தோ ஒரு பெண் முகம், வேறெங்கிருந்தோ ஒரு பங்களா, வெட்டி ஒட்டினால் பேய். முகத்தின் ஓரத்தில் கத்தரித்த இடம் தெரியும். எனக்கென்னவோ அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் பயம்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. கலிபோர்னியாவில் வளர்ந்த ராகேஷ் கன்னா என்பவர் சென்னைக்கு வந்தார். தமிழ் படிக்கத் தெரியாது. டீக்கடையில் தொங்கிய அட்டைகளைப் பார்த்து மயங்கினார். அதாவது, நான் வட்டப்பாறையில் எதைச் சத்தியம் செய்தேனோ, அதே கட்சி. உள்ளே என்னதான் இருக்கிறது என்று அறியாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை போலும். 2008-ல் பிளாஃப்ட் பதிப்பகம் 10 எழுத்தாளர்களின் 17 கதைகளைத் தமிழ்ப் பல்ப் ஃபிக்ஷன் தொகுப்பாக இங்கிலீஷில் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பு பிரீதம் சக்கரவர்த்தி. அட்டை ஓவியம் ஷ்யாம். எத்தனையோ பாக்கெட் நாவலுக்கு அட்டை போட்ட அதே கை. 2010-ல் இன்னொரு படி மேலே போனார்கள்: 'குமாரி லவ்ஸ் எ மான்ஸ்டர்'. ரஷ்மி ரூத் தேவதாசன் எழுத, ஷ்யாம் வரைந்த படப் புத்தகம். நம்மூர்ப் பெண்களும் அவர்களுடைய ராட்சசக் காதலர்களும். இதில் கதைக்கு அட்டை இல்லை, அட்டைகளே புத்தகம்.

பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகன் அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல காகிதம், ஒரு நூல்கூட விலகாத சிவப்பு.

"மாமா, உங்ககிட்ட ஒரு பெட்டி நெறைய இருந்துதாமே? அம்மா சொன்னாங்க. இப்ப அதுக்கெல்லாம் எவ்ளோ மதிப்பு தெரியுமா?"

தெரியாது. எங்கே போயின என்று தெரியும். அந்தச் சத்தியத்தை நம்பியும் நம்பாமலும் ஆயா அவற்றை வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் பேய்களைக் கொளுத்திக் குளித்தோம். பளபளப்பு அட்டை சீக்கிரம் பற்றாது, ஓரம் சுருண்டு, நிறம் மாறி, கடைசியில்தான் பொசுங்கும். இரண்டு உதட்டுக்காரி போன நாளில் நான் குளிக்கவில்லை.

அமெரிக்காவில் இந்த அட்டைக்காரர்களின் வரலாற்றை எழுதியே வைத்துவிட்டார்கள். கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் 2017-ல் 'பேப்பர்பேக்ஸ் ஃப்ரம் ஹெல்' என்று ஒரு புத்தகம் போட்டார், 1970, 80-களின் திகில் நாவல் அட்டைகளைப் பற்றி. அந்த உலகத்தில் ஜார்ஜ் ஸீல் என்றொருவர். போலந்துக்காரர். நாஜிகளின் வதைமுகாமில் கிடந்து, கிடைத்த தாளில் கண்ணில் பட்டதைக் கரியால் வரைந்து உயிரோடு மீண்டவர். அமெரிக்கா போன பிறகு பிழைப்புக்கு நாவல் அட்டை வரைந்தார். அவர் வரைந்த மர்ம மாளிகை நாவல்களுக்கு அங்கே ஒரு வாய்ப்பாடு: இருட்டு மாளிகை, ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், அதைவிட்டு ஓடுகிற பெண். என் தகரப் பெட்டியில் இருந்த அதே பங்களா. மற்றவர்கள் அந்த ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று கற்பனை செய்து வரைந்திருப்பார்கள். அவருக்குக் கற்பனை செய்ய வேண்டியிருந்திருக்காது. ஆனாலும் பங்களாவையும் ஓடுகிற பெண்ணையும்தான் வரைந்தார், அதற்குத்தான் காசு.

எனக்கும் இப்போது செத்தவர்களால்தான் சோறு. விழுப்புரத்தில் சின்னதாக ஒரு ஃபிளெக்ஸ் கடை. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, அரசியல் பிறந்தநாள் எல்லாம் உண்டு. நின்று நிதானமாக வருமானம் தருவது கண்ணீர் அஞ்சலி. ரேஷன் கார்டிலிருந்தோ குரூப் போட்டோவிலிருந்தோ முகத்தை வெட்டி எடுப்பேன். பட்டுச் சட்டை உடம்பு ரெடியாக இருக்கிறது, கழுத்தைப் பொருத்தினால் போதும். பின்னால் மேகம், இரண்டு புறா. சோகமாகப் பார்க்கிற முகமென்றால் உதட்டோரத்தை இரண்டு பிக்சல் தூக்கிவிடுவேன். இந்த மாவட்டத்தில் சிரிக்காமல் செத்தவர் என் கையில் யாருமில்லை. மேலே இடது பக்கம் பெரிய முகம், கீழே சின்னதாக உறவுக்கூட்டம். எங்கே படித்த பாடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன தை மாதம் இரண்டு பையன்கள் வந்தார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டாக்டர் கையை விரித்துவிட்டார், கடைசி நேரத்தில் அலைய முடியாது, டிசைன் மட்டும் போட்டு வையுங்கள் அண்ணே என்றார்கள். எட்டுக்கு ஆறு. தோற்றத்தில் தேதி போட்டேன். மறைவில் காலி விட்டேன்.

பத்து நாள் கழித்து அப்பாவே வந்தார். கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. பையன்கள் உளறிவிட்டார்கள் போல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, என் படத்தக் காட்டு" என்றார். வேறு வழியில்லாமல் திறந்தேன். ஸ்கிரீனில் பட்டுச் சட்டையோடு அவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே வந்து பார்த்தார்.

"மீச இவ்ளோ கருப்பா வேணாம். பாக்கறவன் நம்ப மாட்டான்."

நரைக்க வைத்தேன்.

"சட்ட நல்லாருக்கு. இதே மாதிரி நெசமாவே கெடைக்குமா?"

பஜாரில் ஒரு கடையைச் சொன்னேன். எழுந்தவர், "எவ்ளோ ஆவும்?" என்று கேட்டு, சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை எண்ணி மேசையில் வைத்தார்.

"நானே குடுத்துடறேன். அப்புறம் பசங்க வந்து பேரம் பேசுவானுங்க. தேதிய மட்டும் அவனுங்கள கேட்டுப் போட்டுக்கோ."