நாலரை அடி

சென்னையில் எந்த அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நுழைந்தாலும் தூணை ஒட்டிச் சாம்பல் நிறக் கவர் போர்த்திய கார் ஒன்று நிற்கும். உரிமையாளர் யார் என்று அறிய ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. கவர்மேல் கை வைத்தால் போதும், இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து "யாரது?" என்று ஒரு குரல் வரும். அவர்தான்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கார் பையனுடையது. 2014-ல் வாங்கினான், மறு வருஷம் விசா வந்தது, டல்லாஸ் போய்விட்டான். சாவி அப்பாவிடம். அவருக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். லைசென்ஸ் இருக்கிறது, அந்தக் காலத்து அம்பாசிடரையே ஓட்டிய கை. ஆனால் வேளச்சேரி ரோட்டில் எடுத்தால் கீறல் விழும். 'பையன் வண்டி!' ஆகவே மருந்துக்கடைக்கு ஷேர் ஆட்டோ, கல்யாணத்துக்குக் கால் டாக்ஸி, கோயிலுக்கு நடை. சம்பந்தி வீட்டுப் பேச்சில் மட்டும், "நம்மகிட்ட கார் இருக்கு, அதனால பிரச்சினை இல்ல."

ஞாயிறு காலை கவரை மடித்து வைத்துவிட்டு இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிடுவார். முதல் மாடியில் கொடியில் காயும் துணியெல்லாம் புகை குடிக்கும். பேட்டரிக்கே அது போதாது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். நின்ற இடத்தில் நிற்கிற டயருக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது? அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டது 2020 ஊரடங்கில்.

அவர் வாழ்க்கையின் பொற்காலம் அது. ஊரிலிருக்கிற கார் அத்தனையும் அவர் கார் ஆகிவிட்டது. "வண்டியை நிறுத்தியே வெச்சா டயர் என்னாகும்?" என்று பேரன் வயதுப் பையன்களெல்லாம் அவரிடம் கேட்டார்கள். டயர்க் கம்பெனிகள் போட்ட குறிப்புகளைப் படித்து, அச்செடுத்து, லிஃப்டுக்குள் ஒட்டினார். அவர் சொன்னதெல்லாம் சரி என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். காரின் எடை முழுவதையும் நாலு டயரில் நாலு உள்ளங்கை அகல இடம்தான் தாங்குகிறது. மாதக்கணக்கில் அசையாமல் நின்றால், படுத்த படுக்கையான நோயாளியின் முதுகு மாதிரி, அந்த இடம் தட்டையாகிவிடும். லேசான தட்டை என்றால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடேறியதும் சரியாகும். ரொம்ப நாள் விட்டால் நிரந்தரம், ஸ்டியரிங் உதறும். காற்று தானாகவே மாதம் ஒன்றிரண்டு பவுண்டு இறங்கும். இறங்க இறங்கத் தட்டையாவதும் வேகம் பிடிக்கும். நிறுத்திப் போடும்போது சில பவுண்டு கூடவே பிடித்து வைப்பது நல்லது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி மாதக்கணக்கில் விட்டால் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

பெட்ரோல் பங்கில் காற்றுக்குக் காசில்லை. ஆனால் அதற்கு வண்டியை எடுக்க வேண்டுமே! அதனால் பையனிடம் சொல்லி, காரிலேயே சொருகும் குட்டி கம்ப்ரஸர் ஒன்றை வரவழைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சாக்பீஸ் வரும்வரை.

டயரின் ஒரே இடம் தரையில் அழுந்தக் கூடாது, மாதம் ஒருமுறை கால் சுற்று உருட்ட வேண்டும் என்பது விதி. டயரின் சுற்றளவு ஏறக்குறைய ஆறடி. கால் சுற்று ஒன்றரை அடி. சைக்கிளில் வரும் பால்காரரும் வாட்ச்மேனும் தள்ளுவார்கள், இவர் குனிந்து, "போதும்... போதும்... ஏம்ப்பா, போதும்கிறேன்ல!" என்பார். ஒவ்வொரு டயரிலும் 1, 2, 3, 4 என்று சாக்பீஸில் எண் போட்டிருந்தார். முதல் மாதம் 1 கீழே. அடுத்த மாதம் ஒன்றரை அடி முன்னால், 2 கீழே. அதற்கு மேல் எதிரே ஒரு ஆக்டிவா நிற்கிறது, போக முடியாது. ஆகவே மூன்றாம் மாதம் ஒன்றரை அடி பின்னால். இப்படியே இரண்டு வருஷம் சிரத்தையாக நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்து எடுக்க வந்தவன், குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அங்கிள், 3-ம் 4-ம் எப்போ கீழ வரும்?"

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று கேள்வி.

மறுநாள் கணக்குப் போட்டார். நாலு எண்ணும் கீழே வர மூன்று கால் சுற்று வேண்டும். நாலரை அடி. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணி லாரி பாக்கி, லிஃப்ட் ரிப்பேர் ஆகியவற்றுக்கு அடுத்ததாக 'பி-2 டயர்' என்று ஒரு பொருள் ஏறியது. வரைபடம் கொண்டுவந்திருந்தார். செயலாளர் பொறுமைசாலி. கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், வண்டிய வெளிய எடுத்து ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்தினா டயரோட வேற இடம் தன்னால கீழ வந்துடுமே?"

கூட்டம் அமைதியானது. இவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சாக்பீஸ் அழிஞ்சிடுமே."

மாதம் முதல் தேதி காலை ஆறு மணிக்கு ஆக்டிவாவை நகர்த்தித் தருவதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் செயலாளர் சொன்னதில் அவருக்குத் தெரிந்ததைவிடப் பெரிய நியாயம் இருக்கிறது. ரப்பருக்கு ஓசோன் ஆகாது, வெடிப்பு விடும். அதற்காகவே டயர் செய்யும்போது ஒருவகை மெழுகையும் வேறு சில ரசாயனங்களையும் உள்ளே கலந்து வைக்கிறார்கள். டயர் ஓடி, வளைந்து நெளியும்போது அவை மேலே கசிந்து வந்து தோலைக் காக்கும். ஓடாத டயருக்கு அந்தக் காவல் குறைவு. அதாவது டயருக்கு மருந்து ஓட்டம்தான். அவரோ அது ஒன்றைத் தவிர மற்றெல்லா வைத்தியமும் பார்த்தார். மோட்டார் ரூமில் பறக்கிற பொறியில் ஓசோன் உண்டாகும் என்று படித்ததிலிருந்து அதன் கதவைத் திறந்து வைப்பவர்களிடம் பேசுவதில்லை. வெயில் படாமலிருக்க டயர்களுக்கு மட்டும் பழைய வேட்டியில் தனி உறை. பளபளப்புக்குத் தடவும் டயர் பாலிஷில் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் ரப்பருக்குக் கெடுதல் என்று வேண்டாம் என்றுவிட்டார். நாய்கள் கால் தூக்காமலிருக்க நாலு சக்கரத்தின் முன்னும் நீலம் கரைத்த தண்ணீர் பாட்டில். நாய்கள் பாட்டிலின் மேல் தூக்கின. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போதுகூட வண்டி ஒன்றரை அடிக்கு மேல் போகாது. அந்த மாதக் கணக்கில் அது கழியும்.

போன டிசம்பரில் பையன் வந்தான். பாண்டிச்சேரி போகலாம் என்றான். அப்பாவே காற்றைச் சரிபார்த்து, டயர்க் கடைவரை கூடவே போனார். "ஒரு தடவ பாத்துடுப்பா. ஒண்ணும் இருக்காது."

கடைத் தம்பி டயரின் பக்கவாட்டில் கையால் துடைத்து நாலு இலக்கத்தைக் காட்டினான். 1414. 2014-ன் பதினாலாவது வாரத்தில் செய்தது. "பத்து வருசம் தாண்டிடுச்சு சார். பக்கத்துல பாருங்க, முடி முடியா வெடிப்பு. ஹைவேல வேணாம்."

"ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்தாம்ப்பா ஓடியிருக்கு! பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு பாரு."

"ஓடினா என்ன, ஓடாட்டி என்ன சார்? வயசு வயசுதான்."

எழுபது வயதுக்காரரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. பையன்தான் நடுவில் புகுந்து புது டயருக்குக் காசு கொடுத்தான். நைட்ரஜன் பிடிக்கட்டுமா என்று தம்பி கேட்டபோது மட்டும் அவருக்குப் பழைய தெம்பு வந்தது: "சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நீ மிச்சத்துக்குக் காசு கேக்குற."

பாண்டிச்சேரிக்குக் கால் டாக்ஸியில் போனார்கள். புது டயராயிற்றே.

கழற்றிய நாலையும் கடையில் விட மனம் வரவில்லை. இப்போது அவை மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், தொங்கவிடலாம்; ரிம் இல்லாத வெறும் டயரைத் தொங்கவிடக் கூடாது, நிற்க வைத்து அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். நிற்கின்றன, திருப்புகிறார். மூட்டுவலியோடு சோபாவில் இருக்கும் அம்மா, "நான் நிக்கணுமா படுக்கணுமான்னு எனக்கும் ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க" என்கிறார்.

சென்ற மாதம் டெங்குக் கொசு பார்க்க மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தார். பழைய டயர் என்றாலே அவர்களுக்கு வேலை உண்டு. அதில் தேங்கும் தண்ணீர்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த பிரசவ ஆஸ்பத்திரி. டார்ச் அடித்துப் பார்த்தார். கறுப்பு பாலிதீன் உறை, துடைத்து உலர்த்திய ரப்பர், ஒரு சொட்டு ஈரமில்லை. அவரே அசந்துபோனார்.

"சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க சார். ஆனா எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? வண்டில இருக்கிற புது டயர் தேஞ்சிட்டா மாத்த வேணாமா?"