விருந்தோம்பலில் உங்களை மிஞ்ச ஆளில்லை

இந்திய டெஸ்ட் அணியை நடத்தும் பெருமக்களே, உங்களைப் புகழ ஓசூர்க்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. பெங்களூரு சின்னசாமி மைதானம் எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர்தான். லீவு சொல்லிவிட்டு, அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஜனம் நாங்கள்.

2024 அக்டோபர் 16, அங்கே நியூசிலாந்துடன் முதல் டெஸ்ட். அன்று முழுக்க மழை. மறுநாளும் வானம் மூட்டம், முந்தின நாள் முழுக்க மூடிக் கிடந்த பிட்ச். டாஸ் வென்று பேட்டிங்கை எடுத்தது நம் அணி. அந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்! 46 ரன்னுக்கு ஆல் அவுட், ஐந்து பேர் டக். சொந்த மண்ணில் இந்தியா இதற்குக் கீழே போனதே இல்லை. சிப்காட் வாசல் டீக்கடையில் முதல் ஷிப்ட் முடித்து வந்த ஒருவர், “ஸ்கோர் 46, விக்கெட் எத்தனைண்ணே?” என்றார். கேட்கப்பட்டவர் வாயைத் திறக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

இந்திய மண்ணில் ஒரு டெஸ்ட் வெல்ல 36 ஆண்டுகளாகக் காத்திருந்தது நியூசிலாந்து. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த உங்கள் மனசு பெரிய மனசு. புனேயில் அவர்களுக்காகவே உழைத்துத் தயாரித்தது போல ஒரு சுழல் பிட்ச். நம் வாஷிங்டன் சுந்தர் 11 விக்கெட் எடுத்தார். அவர்களின் சான்ட்னருக்கு 13 கிடைத்தது. வான்கடேயில் 147 அடித்தால் போதும், 121-இல் முடித்துக்கொண்டோம். 3-0. உள்ளூரில் 12 ஆண்டுகள், 18 தொடர்கள் தோற்காமல் காத்த பெருமையைக் கைகுலுக்கி ஒப்படைத்தீர்கள்.

ஒரு தடவை விருந்து வைத்தால் போதுமா? 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தாவில் 124 இலக்கு, 93-க்கு அவுட். கேட்ட பிட்ச்சே கிடைத்தது என்றார் பயிற்சியாளர் கவுதம் கம்பீர். கேட்டதை வாங்கும் திறமை பாராட்டுக்குரியது. எதிரணிச் சுழற்பந்து வீச்சாளர் ஹார்மருக்கு என்ன வேண்டும் என்பதையும் நீங்களே யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள். அடுத்து கவுகாத்தியில் 408 ரன் தோல்வி. ரன் கணக்கில் இந்திய டெஸ்ட் வரலாற்றிலேயே பெரியது அது. 25 ஆண்டுக்குப் பிறகு அவர்களுக்கும் இங்கே ஒரு தொடர் கிடைத்தது.

எல்லாவற்றையும்விட நான் வியப்பது உங்கள் சமத்துவத்தை. பேட்டிங் வரிசையின் மூன்றாம் எண்ணை ஒருவருக்கே உரியதாக்குவது அநீதி என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள். இங்கிலாந்துத் தொடரில், லீட்ஸில் சாய் சுதர்சன் அறிமுகம். அடுத்த டெஸ்டிலேயே வெளியே. கருண் நாயர் வந்தார். மான்செஸ்டரில் மறுபடி சுதர்சன், 61 ரன். டெல்லியில் 87 அடித்தார். அடுத்த டெஸ்ட் கொல்கத்தா. அங்கே மூன்றாவதாக இறங்கியவர் வாஷிங்டன். கவுகாத்தியில் திரும்ப சுதர்சன்; வாஷிங்டன் எட்டாமிடத்துக்குப் போனார். இரண்டு சென்னைப் பையன்களுக்கும் எல்லா அனுபவமும் கிடைக்க வேண்டும் என்ற அக்கறை! எங்கள் ஊர் கம்பெனிகளில் ஒரு ஆபரேட்டரை இப்படி தினம் ஒரு மெஷினுக்கு மாற்றினால், லைனில் வருவது பூரா ரிஜெக்ஷன்தான்.

அதற்கு முன் ஆஸ்திரேலியத் தொடரிலும் அதே சமத்துவம்தான். முதல் மூன்று டெஸ்டுக்கு மூன்று சுழற்பந்து வீச்சாளர்: பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. 537 விக்கெட் எடுத்த அஸ்வின் பிரிஸ்பேனிலேயே விடைபெற்றார். மூத்தவரைத் தொடர் முடியும்வரைகூட காக்க வைக்காத கரிசனம் அது.

சிக்கனத்தையும் சொல்லியாக வேண்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவிலும் ஆடினார். 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா வெற்றியில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். அதற்குப் பின் ஒரு டெஸ்ட்கூடத் தரவில்லை. ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை ஐந்து ஆண்டுக்கு 48,390 கோடிக்கு விற்ற வாரியம், வாய்ப்புகளை எவ்வளவு கெட்டியாக முடிந்து வைத்திருக்கிறது!

வெள்ளைப் பந்தில் கோப்பை வாங்கினீர்கள், மறுக்கவில்லை. சந்தோஷத்தில் நாங்களும் வெடி போட்டோம். ஆனால் ஐந்து நாள் ஆட்டத்தை உயிராய் நினைக்கிறவன் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறான். அவனுக்காக ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றாம் எண்ணில் யாரை இறக்கினாலும் சரி, பத்து டெஸ்டுக்கு அவரைத் தொடாதீர்கள்.