தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக்காரர்

இவரைப் பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் வேறு ரகம். கிடைத்ததையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டில் நடக்க இடம் இருக்காது. நம்மவர் பத்துப் பொருளைப் பார்த்தால் ஒன்பதரையை வேண்டாம் என்று தள்ளுகிறவர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது 1998 நவம்பர் மாதத்துக் கம்ப்யூட்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் அந்த மாதம் என்றால், ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டு வெளிவந்தது அப்போதுதான். வெளிவந்த வாரத்தில் ஒருவர் அதை எதில் விளையாடியிருக்க முடியுமோ, அதில்தான் தானும் விளையாடுவது என்று சங்கல்பம். அன்றைக்குக் கடையில் விற்ற சாமான் மட்டும்தான் பெட்டிக்குள் நுழையலாம். பென்டியம் 3 கூடாது. அது 1999 பிப்ரவரி. விண்டோஸ் 98 இருக்கலாம். அதன் இரண்டாம் பதிப்பு கூடாது, அதுவும் 1999. இரண்டாம் பதிப்பில் தொல்லை குறைவு, யுஎஸ்பி கொஞ்சம் ஒழுங்காக வேலை செய்யும் என்று யாராவது எடுத்துச் சொன்னால், "தெரியும் சார். ஆனா அது அப்போ இல்லையே" என்பார். ஏகாதசி விரதக்காரரிடம் இட்லி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

மற்றபடி சாதாரண மனிதர்தான். நாற்பதைத் தாண்டியவர், பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் என்ன பிராசஸர் என்று கேட்டால் திருப்பிப் போட்டு ஸ்டிக்கரைப் பார்ப்பார். செலரான் 300ஏ பற்றிக் கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்தக் கதை இது. 1998 ஆகஸ்டில் இன்டெல் சிக்கனக்காரர்களுக்கென்று இந்தச் சிப்பை விட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டு போடும் 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரையால் பெருக்கினால் வருவது. நாலரையை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்தார்கள். ஆனால் அந்த வருஷம் ஏப்ரலில் அவர்களே விட்ட 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் தாளம் போடும். தாளத்தை மாற்றினால் 450. அதே ஆகஸ்டில் இன்டெல் அதிக விலைக்கு விட்ட பென்டியம் 2-இன் வேகமும் அதே 450தான். செலரானின் கேஷ் மெமரி 128 கேபி, சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடுவது. பென்டியம் 2-இன் 512 கேபி அரை வேகத்தில் ஓடுவது. ஆக, விளையாட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. "இன்டெல்காரன் வீட்டுலயே பூந்து எடுத்துட்டாங்க சார்!" என்று இதை முடிக்கும்போது, கன்னம் வைத்தவர்களில் தானும் ஒருவர் என்கிற பெருமிதம் முகத்தில் தெரியும். அந்த ஆகஸ்டில் அவர் பிளஸ் டூ. கையில் பஸ் பாஸ் மட்டும் இருந்தது.

படம் காட்டும் கார்டு என்று வரும்போது ஒன்று போதாது, மூன்று வேண்டும். 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ2 முப்பரிமாணப் படம் மட்டும்தான் வரையும். விண்டோஸ் திரையைக் காட்டுவது தன் வேலை இல்லை என்று சும்மா இருந்துவிடும். அதற்கு ஏஜிபி ஸ்லாட்டில் மேட்ராக்ஸ் ஜி200 ஒன்று. ஜி200-இன் பின்புறத்திலிருந்து ஒரு குட்டிக் கேபிள் கிளம்பி, பெட்டிக்கு வெளியிலேயே சுற்றிக்கொண்டு வூடூ2-க்குள் போகும், அங்கிருந்து மானிட்டருக்கு. ஒரு வூடூ2 இருந்தால் 800க்கு 600. இரண்டைப் போட்டு நடுவில் பட்டைக் கேபிளால் சேர்த்தால், ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரைந்து 1024க்கு 768 காட்டும். "ஒரு ஸ்கிரீனுக்கு மூணு கார்டாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். இந்த மூன்று கார்டின் வேலையையும் அடுத்த வருஷமே வந்த வூடூ3 ஒற்றை ஆளாக முடித்துவிடும் என்பதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

3டிஎஃப்எக்ஸ் நொடித்துப்போய் 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து என்விடியா என்றால் இவருக்கு ஆகாது. மகனின் லேப்டாப்பில் ஒட்டியிருந்த அந்தப் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார். உள்ளே இருக்கும் சிப்பை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒலிக்கும் இதே கதை. கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் லைவா, ஆரியல் கம்பெனியின் வார்டெக்ஸ் 2-ஆ? கிரியேட்டிவ் ஆரியல்மேல் வழக்குப் போட்டது. ஆரியல் வழக்கில் ஜெயித்தது. ஜெயித்த செலவிலேயே படுத்துவிட்டது. மிச்சத்தைக் கிரியேட்டிவே 2000-த்தில் வாங்கிக்கொண்டது. இதைச் சொல்லும்போது அவர் குரல், பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று பஞ்சாயத்தில் சொல்கிறவருடைய குரலாகிவிடும். வார்டெக்ஸ் 2 வாங்குவது என்று தீர்மானமாகிவிட்டது. கிடைத்தால் சரி.

ஆனால் இவரை முழுசாகப் புரிந்துகொள்ள, லென்ஸோடு பார்க்க வேண்டும். பொற்கொல்லர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த லென்ஸ். சிப்பின் முதுகில் பொடி எழுத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வருஷம், பின் இரண்டு வாரம். 9836 என்றால் 1998-இன் 36-ஆவது வாரம் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஜன்னல் பக்கம் நின்று ஒரு ராம் பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசி100, 64 எம்பி, பார்க்கப் புத்தம் புதுசு. வேலையும் செய்கிறது. லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"9907 சார்."

"அப்படின்னா?"

"தொண்ணூத்தொம்பது, ஏழாவது வாரம். பிப்ரவரி."

"கேபினெட்டை மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். லஞ்சம் வாங்காத சார்பதிவாளரிடம் கவரை நீட்டியவன் போல் ஆகிவிட்டது என் நிலைமை. ராம் பட்டை மேஜையின் கடைசி இழுப்பறைக்குப் போயிற்று.

சாமான் தேடுவதற்கு ரிச்சி தெருவுக்குப் போவார், ஆனால் நம்பிக்கையோடு போகமாட்டார். அங்கே இருக்கிற பையன்கள் அந்த கார்டுகளுக்குப் பின்னால் பிறந்தவர்கள். "ஐஎஸ்ஏ கார்டா? அப்படின்னா என்ன சார்?" என்பார்கள். காயலாங்கடைதான் சரி. அங்கே போவதற்கென்று ஒரு நடிப்பு வைத்திருக்கிறார். கார்டுகள் கிடக்கும் மூலையை ஏறெடுத்தும் பார்க்காமல், ஒரு கிரைண்டர் கல்லைத் தட்டிப் பார்த்து விலை கேட்பார். பேரம் படியாமல் திரும்புகிறவர் போல் திரும்பி, "இது என்னப்பா, சும்மா கிடக்கு" என்று காலால் காட்டுவார். காலடியில் கிடப்பது, டாஸ் விளையாட்டுகளுக்காக இரண்டு வருஷமாகத் தேடும் ஐஎஸ்ஏ சவுண்ட் பிளாஸ்டர்.

கடைக்காரர் இவரைவிடப் பெரிய நடிகர். "கிலோ கணக்கு சார் அது. விளிம்பு பார்த்தியா, மஞ்சளா? தங்கம் கீது சார்."

தங்கம் இருப்பது உண்மைதான். ஸ்லாட்டில் செருகும் பற்களில் மெல்லிய முலாம். அதற்காகவே எத்தனையோ வூடூக்கள் விளிம்பு வெட்டப்பட்டு அமிலத்தில் கரைந்து போயிருக்கின்றன. இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு கார்டு கிடைத்தது. கூடவே கிரைண்டர் கல்லையும் வாங்க வேண்டியதாயிற்று.

கேபினெட் விவகாரம் மொட்டை மாடியில் நடந்தது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளித்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வைத்தால் வெளுக்கும். பெராக்சைடு வாங்க அழகு நிலையச் சாமான் கடைக்குப் போயிருக்கிறார். என்ன ஷேடு வேண்டும் என்று அவர்கள் இவர் தலைமுடியைப் பார்த்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் ஒரு பக்கம் மாமியாரின் ஜவ்வரிசி வடாம், மறுபக்கம் கேபினெட்டின் முகப்பு. காக்காய் விரட்ட இருவரும் முறை போட்டுக்கொண்டார்கள். இதிலும் கட்சி உண்டு: மஞ்சள்தான் வயசுக்கு மரியாதை என்பது ஒரு கட்சி, 1998-இல் அது வெளுப்பாகத்தானே இருந்தது என்பது இவர் கட்சி. வாதம் சரியாகத்தான் படுகிறது. ஆனால் வெளுத்து வந்ததில் ஒரு மூலை மட்டும் திட்டுத் திட்டாக, தேமல் மாதிரி.

இவ்வளவு ஆசாரத்துக்கும் சில விலக்குகள் உண்டு. பவர் சப்ளை புதுசு. பழையது வெடித்தால் மூன்று கார்டும் போகும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி போன மாதம் மருந்துக் கடையில் வாங்கியது. ஹார்ட் டிஸ்க் இடத்தில், கேமராவில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. அங்கேதான் சிக்கல். ஃபிளாஷ் கார்டு சத்தம் போடாது. 1998-இல் சத்தம் போடாத ஹார்ட் டிஸ்க் ஏது? அதற்கும் வழி இருக்கிறது. டிஸ்க் விளக்கு மின்னும்போதெல்லாம் 'கர்ர்... டக்' என்று பொய்யாகக் கத்துகிற ஒரு குட்டிச் சாதனம் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். வருஷம் தப்பிய ராம் கூடாது, வேலையே இல்லாத சத்தம் கூடும். இந்தத் தர்க்கத்தை நான் பின்தொடரவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகம், கேட்டும் விட்டேன். 1998-இல் நம் பக்கத்தில் வூடூ2 இரண்டு போட்ட வீட்டை யார் பார்த்தது? நாம் பார்த்த கம்ப்யூட்டர், தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தது. ஏசி அறை. மானிட்டருக்கு ஓர் உறை, கீபோர்டுக்கு ஓர் உறை, பக்கத்தில் ஸ்டெபிலைசர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரை கேபினெட்டில் அப்படியே இருக்கும். சார் வெளியே போனால் ரோட் ராஷ், வந்தால் எம்எஸ் வேர்ட். காலத்துக்குச் சரியாகச் செய்வதென்றால் அதையல்லவா செய்ய வேண்டும்?

"அது நமக்குக் கிடைச்சது சார். கிடைச்சதை எதுக்குத் தேடணும்?" என்றார், ஸ்குரு டிரைவரை வாயில் வைத்துக்கொண்டு.

கடைசியில் ஒரு நாள் எல்லாம் சேர்ந்து ஓடியது. சிஆர்டி மானிட்டர் 'டொய்ங்' என்று உயிர் பெற்றது. பொய் டிஸ்க் கத்தியது. ஹாஃப்-லைஃப் போடுவார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் போட்டது குவேக் 2, அதுவும் டைம்டெமோ. முன்பே பதிவான ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் தானே முடிந்தவரை வேகமாக ஓட்டிக் காட்டி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று கடைசியில் ஓர் எண் சொல்லும். விளையாட்டு தன்பாட்டுக்கு விளையாட, இவர் கையைக் கட்டிக்கொண்டு எண்ணுக்காகக் காத்திருந்தார். எண் வந்தது. குறித்துக்கொண்டார். கம்ப்யூட்டரை அணைத்து மூடியைக் கழற்றி, இரண்டு வூடூக்களையும் இடம் மாற்றிப் போட்டார். மறுபடி டைம்டெமோ. நான் இருந்த வரைக்கும் ஹாஃப்-லைஃப் சிடி உறையைவிட்டு வெளியே வரவில்லை.

போன வாரம் அவரிடமிருந்து போன். இழுப்பறையில் வருஷம் தப்பி ஒதுக்கிய சாமான்களை ஒழிக்கலாமென்று எடுத்தாராம். 9907 ராம், தவறி வாங்கிய பென்டியம் 3, யாரோ சும்மா கொடுத்த வூடூ3, விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு சிடி. எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தால், அடடா, 1999-க்கு அச்சு அசலாக ஒரு கம்ப்யூட்டர். கேபினெட் மட்டும்தான் குறை.

"உங்க மாமனார் வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கறதா அன்னிக்கு சொன்னீங்களே சார். எந்த வருஷம் அது?"